காற்று மீட்டர் வாங்கலாமா? திருவொற்றியூரிலிருந்து எட்டு மாதக் கணக்கு

காற்று மீட்டர் டப்பா வீட்டுக்கு வந்த மறுநாள் காலையே என் தோசைக்கல்லைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதுவரை 41 என்று சாதுவாக நின்றிருந்த தூசி எண், இரண்டாவது தோசைக்கு எண்ணெய் விட்டு நான் திருப்பிப் போடுவதற்குள் 347 ஆனது. திரை முழுக்கச் சிவந்து கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. பேரன் ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஆயா, நீதான் மணலி" என்றான். மணலி, வடசென்னையில் எங்களுக்கு மேற்கே ஆலைகள் நிறைந்த பகுதி. முப்பத்திரண்டு ஆண்டு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவளுக்கு வீட்டில் கிடைத்த பட்டம் அது.

வாங்கியது 2024 அக்டோபரில், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு. இணையத்தில் 4,850 ரூபாய். பிராண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொல்லியும் பயனில்லை. இதே டப்பா வேறு நிறத்திலும் வேறு பெயரிலும் நான்கைந்து விலைகளில் விற்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவற்றை ஒதுக்கியதற்கு ஒரே காரணம், அவற்றில் பல கரியமில வாயுவை அளப்பதே இல்லை. வேறொரு வாயு உணரியின் அளவை வைத்து ஊகித்து ஓர் எண்ணைப் போடுகின்றன. பெட்டியின் மேல் அதை யாரும் அச்சடிப்பதில்லை.

பேரனுக்கு வீசிங். ஏழு வயது. குழந்தை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே, "எந்த ஏரியா?" என்றுதான் கேட்டார். திருவொற்றியூர் காலடிப்பேட்டை என்றேன். "ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்துக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் செலவு.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை டப்பா. திரையில் தூசித் துகள் அளவுகளான பி.எம். 2.5, பி.எம். 10, பிறகு கரியமில வாயு, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றோடு, 'ஃபார்மால்டிஹைடு' என்றும் 'மொத்தக் கரிம ஆவி' என்றும் இன்னும் இரண்டு எண்கள். கடைசி இரண்டையும் முதல் வாரத்திலேயே பார்ப்பதை விட்டுவிட்டேன். கைக்குச் சானிடைசர் தடவினால் ஃபார்மால்டிஹைடு என்று அலறுகிறது. மருமகள் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தால் வீட்டையே காலி செய்யச் சொல்கிறது. ஆல்கஹாலையும் ஆல்டிஹைடையும் பிரித்தறியத் தெரியாத பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பில் நான் தேர்ச்சி பெற விட்டதில்லை.

ஆனால் தூசி அளக்கும் பாகம் உருப்படியானது. ஓட்டுவீட்டுக் கூரை இடுக்கு வழியாக வெயில் ஒரு கம்பிபோல் விழும்போது அதற்குள் தூசி மினுங்குமே, அதைத்தான் இந்த டப்பாவும் செய்கிறது. சின்ன விசிறி ஒன்று காற்றை இழுக்கிறது, குறுக்கே லேசர் கதிர் ஓடுகிறது, துகள் கடக்கும்போதெல்லாம் ஒளி சிதறுகிறது. அந்தச் சிதறலை வைத்து எத்தனை துகள், என்ன பருமன் என்று கணக்கிட்டு, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று எடையாக மாற்றிக் காட்டுகிறது. 2.5 என்பது மைக்ரோமீட்டரில் துகளின் விட்டம். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான், அதற்கும் குறைவு. மூக்கு முடியிலும் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் காற்றறை வரை போகும் அளவு.

இதில் ஒரு சூது இருக்கிறது. டப்பா எடை போடுவதில்லை, பருமனைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. நம் ஊரில் உப்புச் சாடிக்குள் எதற்கு நாலு அரிசி போடுகிறோம்? கடற்கரைக் காற்றில் உப்பு தண்ணீர் விட்டுக்கொள்ளும் என்பதால்தான். காற்றில் மிதக்கும் உப்பும் அதையே செய்கிறது. ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் கடலுப்புத் துகள் நீரை இழுத்து ஊதிப்போகும். அமோனியம் சல்பேட் 80 சதவீதத்தில். ஊதிய துகளைப் பார்த்த லேசர் "அம்மாடி, எவ்வளவு தூசி!" என்று எழுதிவிடும். அதில் பாதி வெறும் தண்ணீர்.

இதைச் சோதித்துப் பார்த்தேன். பழைய மாணவன் ஒருவன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறான். வடிதாளில் தூசியைப் பிடித்து நுண்தராசில் எடைபோடும் கருவியை மூன்று நாள் எங்கள் மொட்டைமாடியில் வைத்தான். மார்கழிக் கடைசி. முதல் நாள் 24 மணி நேரச் சராசரி அவனுடையதில் 52, என் டப்பாவில் 66. இரண்டாம் நாள் 49க்கு 63. மூன்றாம் நாள் தரைக்காற்று அடித்து வறண்டிருந்தது, 58க்கு 61. ஈரமான நாளில் கால்பங்கு கூட்டிச் சொல்கிறது, காய்ந்த நாளில் ஏறக்குறைய உண்மையைச் சொல்கிறது. கொடுத்த காசுக்கு இது மோசமில்லை என்று மாணவன் சொன்னான். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் பனி விழும் விடியற்காலையில் டப்பாவைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடலிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் குடியிருக்கிறவர்கள் இன்னும் கூடுதலாக.

அடுத்தது நிறம். டப்பாவோடு வரும் செல்பேசிச் செயலி எண்ணைக் காற்றுத் தரக் குறியீடாக மாற்றி வண்ணம் பூசுகிறது. எந்த நாட்டுக் குறியீடு? அமெரிக்காவுடையது. அமைப்புகளுக்குள் நான்கு படி இறங்கிப் போனால்தான் இந்தியாவுக்கு மாற்ற முடியும். காற்றில் 50 மைக்ரோகிராம் இருந்தால் அமெரிக்கக் கணக்கில் 137, ஆரஞ்சு நிறம், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் எச்சரிக்கை. அதே 50க்கு நம் கணக்கில் 83, இளம்பச்சை, 'திருப்திகரம்'. காற்று ஒன்றே. நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திச் சொன்னது 15. எனவே நான் செயலியில் நிறத்தையும் குறியீட்டையும் அணைத்துவிட்டு மைக்ரோகிராமை மட்டும் பார்க்கிறேன். வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இனி தோசைக்கல்லுக்கு வருகிறேன். ஒரு மாதம் போல அந்த 347 என்னைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தது. தாளிக்கும்போது கதவைச் சாத்தினேன், வெளியேற்றும் விசிறியை மாற்றினேன், வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தினேன். பிறகு ஒரு நாள் ஆசிரியை புத்தி வந்து, பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். தோசை வார்ப்பது பத்து நிமிடம். எண் தணிய இன்னும் இருபது நிமிடம். சராசரி 200 என்று வைத்தால் முப்பது நிமிடத்துக்கு 6,000. அதை நாளின் 1,440 நிமிடத்துக்குப் பங்கிட்டால் 4 சொச்சம். மார்கழியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடத்தில் எண் 70-ல் அசையாமல் நிற்கிறது. டப்பா கத்துவதில்லை, மஞ்சளாக மட்டும் இருக்கிறது. எட்டு மணி நேரம், 480 நிமிடம், 33,600. நாளுக்குப் பங்கிட்டால் 23. கத்திய தோசை 4. கத்தாத இரவு 23. இரவில் கால்பங்கு ஈரத்தின் பொய் என்று கழித்தாலும் 17 நிற்கும்.

டப்பாவின் பெரிய குறை இதுதான் என்பேன். திடீரென ஏறுவதற்குத்தான் அதற்கு அலாரம். நாள் முழுக்க மெல்ல மூச்சில் ஏறுவதற்கு அது வாய் திறக்காது. 24 மணி நேரச் சராசரியைத் திரையில் காட்டும் வசதி இந்த விலையில் வர வேண்டியது, வரவில்லை. செயலியிலிருந்து கோப்பாக இறக்கி நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது. எழுதும்போதே கை கூசியது. கொசுவர்த்திச் சுருள். எங்கள் பகுதியில் கால்வாயும் கொசுவும் பற்றி விளக்க வேண்டியதில்லை. பேரன் படுக்கும் அறையில் கட்டிலுக்கடியில் ஒரு சுருள், சன்னலைச் சாத்திக்கொண்டு, பல ஆண்டு வழக்கம். டப்பாவை அங்கே வைத்த இரவு எண் 250க்குக் கீழே இறங்கவில்லை. எட்டு மணி நேரம். 83. என் தோசைக்கல், மணலி எல்லாவற்றையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகவில்லை. மறுநாளே தங்கசாலைப் பக்கம் போய்க் கொசுவலை வாங்கி வந்தேன், 650 ரூபாய். டப்பாவுக்குக் கொடுத்த 4,850 ரூபாயில் முக்கால்வாசி எனக்கு அன்றைக்கே திரும்பிவிட்டது. மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, சுருள் கொளுத்துகிறீர்களா என்று முதல் முறையே கேட்டிருக்க வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

இனி அந்த 70. அது எங்கிருந்து வருகிறது? எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே மணலி, வடக்கே அனல்மின் நிலையங்கள் உள்ள எண்ணூரும் அத்திப்பட்டும். பகலில் கடற்காற்று எல்லாவற்றையும் மேற்கே தள்ளுகிறது. சித்திரை, வைகாசியில் மதியம் ஒரு மணி வாக்கில் அந்தக் காற்று நுழைவதை டப்பாவில் கண்ணால் பார்க்கலாம்: கால் மணி நேரத்தில் வெப்பம் இரண்டு டிகிரி இறங்கும், தூசி 45-லிருந்து 22க்கு வரும், ஈரப்பதம் எகிறும். இந்த ஒரு காட்சிக்காகவே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து உட்கார வைக்கலாம். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிட, காற்று திரும்புகிறது; மேற்கிலிருந்து கடலுக்குப் போகிறது, எங்கள் தெருவழியாக. மார்கழியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். தூசி மேலே போக வழியில்லாமல் கிடக்கும். 2025 ஜனவரி 13, போகி விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் மாடியில் 420. தீபாவளி இரவு 999-ல் முட்டி நின்றது. அதற்கு மேல் டப்பாவுக்கு எண்ணத் தெரியாது. இவை இரண்டும் விழாக்கள், போய்விடும். மேற்கிலிருந்து வரும் இந்த மேல்காற்று மாசி வரை தினமும் வருகிறது.

மேல்காற்று வரும் இரவுகளில் வாசனையும் வரும். வடசென்னைக்காரர்களுக்குக் காற்றுத் திசையை மூக்கே சொல்லும்: சமையல் எரிவாயு கசிந்ததுபோல் ஒரு நெடி, அழுகிய முட்டை நெடி, தீக்குச்சி உரசியதுபோல் தொண்டையில் கரகரப்பு. முதலாவது மெர்காப்டன் வகை, இரண்டாவது ஹைட்ரஜன் சல்பைடு, மூன்றாவது சல்பர் டை ஆக்சைடு. மெர்காப்டனை நூறு கோடியில் ஓரிரு பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். பிப்ரவரியில் ஓர் இரவு இரண்டு மணிக்கு நெடி தாங்காமல் தெருவே விழித்துக்கொண்டது. கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று, "டீச்சர், உங்கள் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்டார். பார்த்தேன். 36. மஞ்சள். அன்றைக்கு மாதத்திலேயே நல்ல இரவுகளில் ஒன்று, டப்பாவைப் பொறுத்தவரை. எண்ணைச் சொன்னபோது அக்கா என்னை நம்பவில்லை. டப்பாவையும் நம்பவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

2023 டிசம்பர் 26 இரவு நினைவுக்கு வந்தது. புயல் வெள்ளமும் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்த நேரம். நள்ளிரவுக்குச் சற்று முன் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். அழைத்து, ஈரத்துணியை மூக்கில் கட்டச் சொன்னேன். அமோனியா தண்ணீரில் அவ்வளவு வேகமாகக் கரையும். அன்று இந்த டப்பா அவள் வீட்டு அலமாரியில் இருந்திருந்தால் என்ன காட்டியிருக்கும்?

கேள்வி வந்தால் சோதனை செய்வதுதான் என் பழக்கம். பேரன் ஊருக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, மாடியில், காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு செய்தேன். (வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். நான் பள்ளியில் நூறு முறை செய்தவள்.) நாட்டு மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்கு நவச்சாரம், வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு. இரண்டையும் ஒரு டிபன் மூடியில் குழைத்து லேசாகச் சூடு காட்டினால் அமோனியா கிளம்பும். கண் எரிந்தது. அரை மீட்டரில் இருந்த டப்பாவில் பி.எம். 2.5: 38, 38, 39. கரிம ஆவி எண் மட்டும் சற்று நெளிந்துவிட்டு அடங்கியது. லேசர் வாயுவைப் பார்ப்பதில்லை. மூலக்கூறு அதற்கு மிகச் சின்னது.

அடுத்து, தரை கழுவும் ஆசிட்டில் கண்ணாடிக் குச்சியை நனைத்து அந்த மூடிக்கு அருகே கொண்டுபோனேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டும் காட்சி அது: வெறும் காற்றில் வெண்புகை பிறந்தது. டப்பா 120 என்றது, 560 என்றது, 999-ல் போய் நின்றது. தனித்தனியாக இருந்தபோது கண்ணுக்கும் லேசருக்கும் தெரியாத அமோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்ததும் திண்மமாகிவிட்டன. அமோனியம் குளோரைடு. தமிழில் சொன்னால் நவச்சாரம். கடையில் இருபது ரூபாய் கொடுத்து நான் வாங்கிய அதே பொருள்தான் புகையாக மறுபிறவி எடுத்து டப்பாவை அலற வைத்தது.

வானத்தில் நடப்பதும் இதன் அண்ணன்தான், கொஞ்சம் நிதானமாக. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து சல்பர் டை ஆக்சைடாகப் புகைபோக்கியை விட்டுப் போகிறது. அப்போது அது வாயு, டப்பாவுக்குத் தெரியாது. வெயிலில் உருவாகும் ஹைட்ராக்சில் தனியுறுப்பும் பனித்துளிகளும் பல மணி நேரத்தில், சில நாளில் அதைக் கந்தக அமிலமாக்கும். மாட்டுத் தொழுவம், சாக்கடை, உரம் எனப் பல இடங்களிலிருந்து வரும் அமோனியாவைச் சந்தித்தால் அமோனியம் சல்பேட், அதாவது 2.5க்குள் அடங்கும் தூசி. அதற்குள் காற்று அதை வேறு ஊருக்குக் கொண்டுபோயிருக்கும். எண்ணூர்ப் பக்கம் வாயுவாக எங்கள் தொண்டையைக் கரகரக்க வைத்துவிட்டுப் போனது, தூசாக எண்ணில் ஏறும்போது யாருடைய வீட்டு டப்பாவிலோ ஏறும். அங்கே ஒரு கிழவி தன் தோசைக்கல்லைச் சந்தேகித்துக்கொண்டிருப்பாள். எங்கள் 70-லும் அப்படி யாரோ அனுப்பியது இருக்கும். அனல்மின் நிலையங்களின் சல்பர் டை ஆக்சைடுக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. இரண்டே ஆண்டில் செய்து முடிக்கச் சொன்ன வேலைக்குக் கெடு தள்ளிக்கொண்டே போனது. அதை அளக்க வீட்டு டப்பா உதவாது.

எது உதவும்? மணலி, மணலி கிராமம், இராயபுரம், கொடுங்கையூரில் அரசின் தானியங்கி அளவு நிலையங்கள் இருக்கின்றன. தூசியோடு வாயுக்களையும் அளக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலி இலவசம். நெடி வந்த நேரத்தைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அந்த மணி நேரத்துக்குரிய எண்ணைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. சில இரவுகளில் மூக்கும் நிலையமும் ஒத்துப்போகின்றன. சில இரவுகளில் அந்த நேரத்துக்கு எண்ணே இருப்பதில்லை, வெறும் கோடு. மெர்காப்டனுக்கு அந்தக் குறியீட்டில் இடமே இல்லை. அதில் உள்ளவை எட்டு மாசுகள்தான். எனவே டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் மனு கொடுக்கப் போகாதீர்கள். "36தானே அம்மா, திருப்திகரம்தானே" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

கரியமில வாயுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பாடத்துக்குத் துரோகம். இந்த டப்பாவின் சிறந்த உறுப்பு அதுதான். 4.26 மைக்ரோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை ஒரு சின்னக் குழலுக்குள் அனுப்பி, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்க்கிறது. 1859-ல் லண்டனில் ஜான் டின்டால் வாயுக்கள் வெப்பக் கதிரை விழுங்குவதை அளந்தாரே, அந்தச் சோதனையின் பேரக்குழந்தை. பூமி வெளிவிடும் வெப்பத்தைக் கரியமில வாயு பிடித்துவைப்பதும் இதே குணத்தால்தான், அங்கே முக்கியமாக 15 மைக்ரோமீட்டர் பக்கம். மகனும் மருமகளும் பேரனும் ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் படுக்கும் அறையில் காலை ஐந்து மணிக்கு 1,940 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1,940 பங்கு. தூசி குறைவு, மூச்சுக்காற்று தேக்கம். இப்போது கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. 1,100க்கு மேல் போவதில்லை.

ஆனால் மாடியில், நல்ல கடற்காற்றில் வைத்தால் 401, 403 என்று காட்டியது. எனக்குச் சந்தேகம் தட்டியது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் விடை இருந்தது: வாரத்தில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவை டப்பா 'தூய வெளிக்காற்று' என்று எடுத்துக்கொண்டு அதற்கு 400 என்று பெயர் வைத்துக்கொள்ளும், தானாகத் திருத்திக்கொள்ளும். இந்த உலகத்தில் 400 எங்கே இருக்கிறது? ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் சார்ல்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. நான் பள்ளி இறுதித் தேர்வில் "வளிமண்டலத்தில் கரியமில வாயு 0.03 சதவீதம்" என்று எழுதி மதிப்பெண் வாங்கிய 1980-ல் 339. அங்கே ஒரு நாள் சராசரி 400-ஐ முதலில் தொட்டது 2013 மே மாதம். 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டிவிட்டது. டப்பா செய்தவர்கள் பத்து ஆண்டுக்கு முந்தைய வானத்தை வைத்து அளவுகோல் போட்டிருக்கிறார்கள். அறைக்குள் 1,940-ஐ அளக்கும்போது முப்பது பி.பி.எம். பிசகு ஒன்றும் செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் தொழிற்சாலையில் எழுதிப் பூட்டிய ஓர் எண்ணை வானம் முந்திக்கொண்டு போய்விட்டதை என் வீட்டு மாடியில் பார்த்தது, பாடப்புத்தகத்தின் எந்த வரைபடமும் தராத உணர்வு. அமைப்பில் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, மாடிக் காற்றுக்கு 430 என்று நானே எழுதிவிட்டேன். அடுத்த ஆண்டு மறுபடி மாற்ற வேண்டும்.

ஒரே புகைபோக்கியிலிருந்து வரும் இரண்டுக்கும் ஆயுள் எப்படி மாறுகிறது பாருங்கள். சல்பேட் தூசி வெயிலைத் திருப்பியடித்துக் கொஞ்சம் குளிர்விக்கவும் செய்யும், ஆனால் ஒரு வாரம் போல இருந்துவிட்டு மழையோடு கீழே வந்துவிடும். கரியமில வாயுவில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் தாண்டியும் தங்கும். இதைப் பேரனிடம் சொன்னேன். "அப்படியானால் நீ சின்ன வயதில் விட்ட மூச்சு இன்னும் இருக்குமா?" என்றான். மூச்சில் வருவது சோற்றிலிருந்து வந்தது, அது நெற்பயிருக்கே திரும்பிப் போகும், நிலக்கரியில் வருவதுதான் புதிய கணக்கு என்று விளக்குவதற்குள் விளையாடப் போய்விட்டான்.

சேவை பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியாது. மார்ச் மாதம் விசிறி கரகரவென்று சத்தம் போட்டு, எண் எப்போதும் 4, 5 என்று காட்டியது. சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டோமோ என்று மருமகள் கேட்டாள். வாடிக்கையாளர் எண்ணுக்கு ஆறு முறை அழைத்தேன். "உப்புக்காற்று உத்தரவாதத்தில் சேராது" என்றார்கள். கடற்கரை ஊரில் காற்று மீட்டர் விற்றுவிட்டுக் காற்று சேராது என்பது வேடிக்கைதான். ரிச்சித் தெருவில் மூன்றுக்கு ஆறு அடிக் கடையில் ஒரு பையன் திருகாணி நான்கைக் கழற்றி, ஒட்டடையும் உப்புமாய் அடைத்திருந்த விசிறியைத் தூரிகையால் துடைத்து, லேசர் கண்ணாடியைப் பஞ்சால் ஒற்றிக் கொடுத்தான். இருநூறு ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள் அம்மா என்றான். மூடியைக் கழற்றக் கற்றுக்கொண்டேன். பேட்டரி, நிறுவனம் பத்து மணி நேரம் என்கிறது. நான்கரை மணி நேரம் நின்றால் அதிகம். செருகியே வைத்திருக்கிறேன்.

யார் வாங்கலாம்? வீட்டில் வீசிங் பிள்ளையோ வயதானவர்களோ இருந்து, தன் வீட்டுப் புகையைத் தானே பிடிக்க விரும்புகிறவர்கள் வாங்கலாம். ஒரு மாதம் ஒவ்வோர் அறையிலும் வைத்துப் பார்த்தால் போதும், அதன்பின் அது சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. எனவே தெருவுக்கு ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஆலையிலிருந்து என்ன வருகிறது என்று அறிய வாங்குகிறவர்கள் காசை வீணாக்க வேண்டாம். அதற்கு மூக்கும், நேரம் எழுதிவைக்க ஒரு பென்சிலும் போதும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். அலாரத்துக்கும் வண்ணத்துக்கும் ஒன்று, சேவைக்கு அரை கழித்தேன்.

என் டப்பா இப்போது வீட்டில் இல்லை. கீழ்வீட்டு அக்கா, தன் சமையலறையில் வைத்துப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போய்ப் பதினோரு நாளாகிறது. நேற்று மாலை படியில் பார்த்தபோது, "டீச்சர், நேற்று வஞ்சிரம் வறுத்தேன், 612" என்றார், கொஞ்சம் பெருமையோடு.